அஜந்தா பார்த்த அம்ரிதா

பாரிஸ் நகரில் தங்கப் பதக்கம் வாங்கிய இளம் ஓவியர் ஒருவர், நம் நாட்டின் பழைய குகைகளுக்குள் நுழைந்தார். அங்கே பார்த்த ஓவியங்கள் அவருடைய தூரிகையின் போக்கையே மாற்றிவிட்டன. யார் அவர் தெரியுமா, குழந்தைகளே? அவர்தான் அம்ரிதா ஷெர்கில்!

1913-ம் ஆண்டு ஜனவரி 30-ம் தேதி, ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர். பல மொழிகள் கற்றவர். தாய் ஹங்கேரி நாட்டுப் பாடகி. முதல் உலகப் போர் மூண்டதால், அவர்களால் உடனே இந்தியா திரும்ப முடியவில்லை. அம்ரிதாவின் எட்டாவது வயதில், 1921-ம் ஆண்டு, குடும்பம் சிம்லாவில் குடியேறியது.

சிறு வயதிலேயே அம்ரிதாவின் கையில் எப்போதும் பென்சில் இருக்கும். கேட்ட கதைகளை எல்லாம் படமாக வரைவார். மகளின் திறமையைக் கண்ட பெற்றோர், 1929-ம் ஆண்டு அவரைப் பாரிசுக்கு அழைத்துச் சென்றனர். அப்போது அவருக்கு வயது 16. அங்கே ஓவியக் கல்லூரியில் சேர்ந்து, ஐரோப்பிய முறையில் எண்ணெய் வண்ண ஓவியம் பயின்றார். 1932-ல் அவர் வரைந்த 'இளம் பெண்கள்' என்ற ஓவியத்துக்கு, மறு ஆண்டு தங்கப் பதக்கம் கிடைத்தது.

பாரிசிலேயே தங்கியிருந்தால் அவருக்குப் பேரும் புகழும் கிடைத்திருக்கும். ஆனால், அவர் மனம் இந்தியாவை நாடியது. இங்குள்ள ஏழை எளிய மக்களை வரைய வேண்டும் என்று விரும்பினார். 1934-ம் ஆண்டின் இறுதியில் தாய்நாடு திரும்பினார். மறு ஆண்டே 'மூன்று பெண்கள்' என்ற புகழ் பெற்ற ஓவியத்தை வரைந்தார். ஆனாலும், நம் மக்களை எந்த முறையில் வரைவது என்ற தேடல் அவருக்குள் இருந்துகொண்டே இருந்தது.

விடை அஜந்தாவில் கிடைத்தது. 1936-ம் ஆண்டின் இறுதியில், மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ள அந்தக் குகைகளுக்குச் சென்றார். சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் வரையப்பட்ட புத்தர் கதைகள் அங்கே சுவரெங்கும் உள்ளன. தெளிவான கோடுகள், மண்ணின் நிறங்கள், அமைதியான முகங்கள்! அதிகம் வரையாமலேயே அதிகம் சொல்லிவிட முடியும் என்பதை அந்தப் பழைய ஓவியர்கள் அவருக்குக் காட்டினர்.

அங்கிருந்து தெற்கே பயணம் செய்தார். கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர் ஓவியங்களின் முன் நாள் கணக்கில் அமர்ந்து, அவற்றைப் பார்த்து வரைந்து பழகினார். கன்னியாகுமரிக்கும் வந்தார்.

சிம்லா திரும்பியதும், 1937-ல் மூன்று பெரிய ஓவியங்களைத் தீட்டினார். ஒன்றில், மணமகளை அலங்கரிக்கிறார்கள். இன்னொன்றில், வெள்ளை வேட்டி கட்டிய பிரம்மச்சாரிகள் அமர்ந்திருக்கிறார்கள். மூன்றாவதில், தென்னிந்தியக் கிராம மக்கள் சந்தைக்குப் போகிறார்கள்.

இங்கேதான் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அஜந்தாவில் இருப்பது புத்தரின் கதை. அம்ரிதா வரைந்ததோ, தம் காலத்தில் தம் கண்ணால் கண்ட மனிதர்களை. பழையவர்களிடம் அவர் பெற்றது படத்தை அல்ல, பார்க்கும் விதத்தை! பார்த்து வரைவது பயிற்சி. பழகியதை வைத்து, நம்மைச் சுற்றியுள்ளதை வரைவதுதான் படைப்பு.

பின்னாளில் முகலாய, மலைநாட்டுச் சிற்றோவியங்களிடமும் இப்படியே பாடம் கற்றார். ஆனால், அவருடைய புதிய பாணியை எல்லோரும் ஏற்கவில்லை. பல ஓவியங்கள் விலை போகவில்லை. அதற்காக, பிறருக்குப் பிடித்த மாதிரி வரைய அவர் இறங்கி வரவில்லை.

1941-ம் ஆண்டு, லாகூரில் ஓவியக் கண்காட்சி ஒன்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, திடீரென நோய்வாய்ப்பட்டார். டிசம்பர் 5-ம் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 28 மட்டுமே.

1976-ம் ஆண்டு, அவருடைய ஓவியங்களை இந்திய அரசு தேசியக் கலைச் செல்வங்களாக அறிவித்தது. டில்லியில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவற்றில் பலவற்றைக் காணலாம். 2023-ல் அவருடைய 'கதை சொல்பவர்' ஓவியம் ஏறக்குறைய 62 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது!

குழந்தைகளே, அஜந்தா தொலைவில் இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசல் இருக்கிறது. எங்கள் கோவிலூர், காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் காலையில் புறப்பட்டால் மாலையில் திரும்பிவிடலாம். அங்குள்ள குகைக் கோயிலின் மேற்கூரையில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. மீன், வாத்து, யானை, பூப்பறிக்கும் மனிதர் என எல்லாம் அதில் உண்டு. பல இடங்களில் வண்ணம் உதிர்ந்துவிட்டது. எனவே, கையால் தொடாதீர்கள். சுவரில் பெயர் கிறுக்காதீர்கள். கண்ணால் மட்டும் நன்றாகப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும், அந்தக் குளத்தை அப்படியே வரைவதோடு நின்றுவிடாதீர்கள். அதே போன்ற கோடுகளில், அதே போன்ற நிறங்களில், உங்கள் ஊர் ஊருணியை வரையுங்கள். அங்கே தண்ணீர் எடுக்க வருபவர்களையும், கரையில் மேயும் ஆடுகளையும் அதில் சேருங்கள். அம்ரிதா செய்ததும் அதைத்தானே!