பிரிட்டிஷ் ரயில் என்ஜின்களின் வெற்றிக்குப் பின்னால் ஒரு ஜெர்மானியர்

பிரிட்டனின் பழைய ரயில் நிறுவனங்கள் வடிவமைத்த நீராவி என்ஜின்களில் மிகவும் வெற்றிகரமானது எது என்ற விவாதம், அந்நிறுவனங்கள் மறைந்து பல பத்தாண்டுகள் ஆன பின்னரும் ஓயவில்லை. கிரேட் வெஸ்டர்ன் நிறுவனத்தின் ஜார்ஜ் சர்ச்வார்ட், லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் நிறுவனத்தின் நைஜல் கிரெஸ்லி, லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் நிறுவனத்தின் வில்லியம் ஸ்டேனியர் என ஒவ்வொரு தலைமைப் பொறியாளருக்கும் ஆதரவாளர்கள் உள்ளனர்.

ஆனால் இவர்கள் மூவரது புகழ்பெற்ற என்ஜின்களிலும் இடம்பெற்று, அவற்றின் வெற்றியைப் பெருமளவு தீர்மானித்த ஒரு கண்டுபிடிப்பு ஜெர்மனியிலிருந்து வந்தது. அதை உருவாக்கிய வில்ஹெல்ம் ஷ்மிட், இன்று பீலெஃபெல்ட் நகரின் ஒரு பகுதியாக உள்ள பேத்தலில் 1924ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் தேதி காலமானார். இன்னும் இரண்டு நாட்களில் அவருக்கு 66 வயது நிறைவடைந்திருக்கும்.

பட்டறையிலிருந்து ஆய்வுக்கு

1858ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் தேதி, ஹால்பர்ஸ்டட் நகருக்கு அருகிலுள்ள வேகலேபன் என்ற சிற்றூரில் ஷ்மிட் பிறந்தார். பூட்டு மற்றும் இரும்பு வேலை பழகி, பட்டறைத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கினார். டிரெஸ்டன் நகரில் வெப்ப இயக்கவியல் அறிஞரான பேராசிரியர் குஸ்டாவ் சாய்னரின் ஊக்கம் அவருக்குக் கிடைத்தது. பின்னர் கஸல் நகரைத் தளமாகக் கொண்டு தமது ஆய்வுகளை நடத்தினார்.

அவர் எடுத்துக்கொண்ட பிரச்சினை எளிமையானது. கொதிகலனில் நீரோடு தொட்டுக்கொண்டிருக்கும் நீராவி, சற்றே குளிர்ந்த சிலிண்டர் சுவரைத் தொட்டவுடன் அதில் ஒரு பகுதி மீண்டும் நீராகிவிடும். அதற்காக எரித்த நிலக்கரி வீணாகும். நீராவியைக் கொதிகலனிலிருந்து வெளியே எடுத்து, தனிக் குழாய்களில் 300 பாகை செல்சியசுக்கும் மேலாகச் சூடேற்றினால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம் என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்த வெப்பத்தில் மசகெண்ணெய் கருகியது, வழக்கமான தட்டை வால்வுகள் இறுகிக்கொண்டன. அந்த வெப்பத்தைத் தாங்கி இயங்கக்கூடிய அமைப்பை நடைமுறையில் சாத்தியமாக்கியதே ஷ்மிட்டின் சாதனை.

பிரஷ்யாவில் கிடைத்த வாய்ப்பு

அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது மற்றொரு தீர்வு. ஒரே நீராவியை இரண்டு சிலிண்டர்களில் அடுத்தடுத்துப் பயன்படுத்தும் கூட்டு என்ஜின் அது. ஹனோவரில் பணியாற்றிய ஆகஸ்ட் ஃபான் போரிஸ் அதன் முன்னோடி. ஷ்மிட்டின் முறை எளிமையானது, செலவு குறைந்தது என்று கருதிய பிரஷ்ய அரசு ரயில்வே அதிகாரி ராபர்ட் கார்பே, அவருக்குத் துணை நின்றார். 1898இல் ஹனோவர் கோட்டத்திலும் கஸல் கோட்டத்திலும் ஒவ்வொன்றாக, மிகைவெப்ப நீராவியில் இயங்கும் இரண்டு என்ஜின்கள் சோதனைக்கு வந்தன.

முதல் வடிவங்களில் குறைகள் இருந்தன. கொதிகலனின் புகைக்குழாய்களுக்குள்ளேயே நீராவிக் குழாய்களைச் செருகும் வடிவமே இறுதியில் உலகெங்கும் நிலைத்தது. 1906இல் அறிமுகமான பிரஷ்யாவின் பி 8 வகை என்ஜின்கள் மூவாயிரத்துக்கும் அதிகமாகக் கட்டப்பட்டன.

பிரிட்டனில் நடந்த பரீட்சை

அதே 1906இல் கிரேட் வெஸ்டர்ன் நிறுவனத்தின் லேடி சுப்பீரியர் என்ற என்ஜினில் ஷ்மிட்டின் அமைப்பைச் சர்ச்வார்ட் பொருத்திப் பார்த்தார். ஆனால் பிரிட்டிஷ் பொறியாளர்களின் தயக்கத்தை உடைத்தது 1909இல் நடந்த ஒரு போட்டிச் சோதனை. லண்டன் பிரைட்டன் நிறுவனத்தின் மிகைவெப்ப என்ஜின் ஒன்றும், லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் நிறுவனத்தின் பழைய முறை என்ஜின் ஒன்றும் பிரைட்டனுக்கும் ரக்பிக்கும் இடையே ஒரே ரயிலை மாறி மாறி இழுத்தன. பிரைட்டன் என்ஜின் மிகக் குறைந்த நிலக்கரியிலும் நீரிலும் பயணத்தை முடித்தது. தோற்ற நிறுவனம் மறு ஆண்டே மிகைவெப்ப அமைப்புடன் ஐந்தாம் ஜார்ஜ் வகை என்ஜின்களைக் கட்டத் தொடங்கியது.

அடுத்து எழுந்தது உரிமைத் தொகை பற்றிய கேள்வி. சர்ச்வார்ட் ஸ்விண்டன் பட்டறையில் தமக்கென ஒரு வடிவத்தை உருவாக்கினார். கிரேட் சென்ட்ரல் நிறுவனத்தின் ஜான் ராபின்சன் மற்றொன்றை உருவாக்கினார். அடிப்படை ஷ்மிட்டுடையது என்றாலும், பிரிட்டிஷ் பட்டறைகளில் வழங்கியவை ஸ்விண்டன், ராபின்சன் என்ற பெயர்களே.

இரு தரப்புக்கும் பொதுவான ஆயுதம்

1914இல் போர் மூண்டபோது, எதிரி நாட்டவரின் காப்புரிமைகளை உள்நாட்டினர் பயன்படுத்த வழிசெய்யும் சட்டத்தைப் பிரிட்டன் இயற்றியது. போர்க்களத்தில் பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் பொருட்களை எடுத்துச் செல்ல ராபின்சனின் வடிவத்தில் 521 என்ஜின்கள் கட்டப்பட்டன. எதிர்த்தரப்பில் அதே பணியைச் செய்தவற்றுள் பிரஷ்யாவின் ஜி 8.1 வகை முக்கியமானது. இரண்டும் மிகைவெப்ப என்ஜின்கள். 1918இன் போர்நிறுத்த உடன்படிக்கை ஜெர்மனியிடமிருந்து 5,000 ரயில் என்ஜின்களைக் கோரியது. ஷ்மிட்டின் கண்டுபிடிப்பைத் தாங்கிய பல பி 8 என்ஜின்கள் இவ்வாறு பெல்ஜியம் உள்ளிட்ட நாடுகளுக்குச் சென்றன.

ஷ்மிட்டின் எல்லா முயற்சிகளும் வென்றுவிடவில்லை. வழக்கத்தைவிடப் பல மடங்கு உயர் அழுத்தத்தில் இயங்கும் என்ஜின் பற்றிய அவரது திட்டம், அவர் மறைந்த பிறகே செயல்வடிவம் பெற்றது. அந்த முறையில் 1929இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட ஃபியூரி என்ற என்ஜினில், 1930 பிப்ரவரியில் சோதனையின்போது குழாய் வெடித்து ஒருவர் உயிரிழந்தார். அது பயணிகள் சேவைக்கு வரவேயில்லை.

ஓயாத விவாதம்

மிகைவெப்பம் எவ்வளவு தேவை என்பதும் பின்னர் சர்ச்சையானது. கிரேட் வெஸ்டர்ன் நிறுவனம் நல்ல வேல்ஸ் நிலக்கரியை நம்பி மிதமான வெப்பத்தோடு நிறுத்திக்கொண்டது. அங்கிருந்து 1932இல் லண்டன் மிட்லண்ட் நிறுவனத்துக்குச் சென்ற ஸ்டேனியர் அதே கொள்கையைக் கடைப்பிடித்தார். அவரது ஜூபிலி வகை தொடக்கத்தில் ஏமாற்றமளித்தது. மிகைவெப்பக் குழாய்களை அதிகரித்து, கொதிகலனைத் திருத்திய பிறகே அது சீரடைந்தது.

1936இல் ஜெர்மனியின் 05 002 என்ற என்ஜின் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. 1938 ஜூலை 3ஆம் தேதி கிரெஸ்லியின் மல்லார்ட் 203 கிலோமீட்டர் வேகத்தில் அதை முறியடித்தது. இரு நாடுகளும் தேசப் பெருமையாகக் கொண்டாடிய இந்த இரு என்ஜின்களிலும் இருந்தது ஷ்மிட் வழிவந்த மிகைவெப்ப அமைப்பே.

தமிழர்களுக்கும் இந்த வரலாறு தூரத்தில் இல்லை. தென்னிந்தியாவின் மீட்டர் பாதைகளில் ஓடிய ஒய்.பி. வகை என்ஜின்களும் இதே அமைப்பைக் கொண்டிருந்தன. ஹெச்.பி.எஸ்., எஸ்.ஜி.எஸ். என்ற இந்திய என்ஜின் வகைப் பெயர்களின் கடைசி எழுத்து மிகைவெப்பத்தையே குறிக்கிறது.

ரயில் என்ஜின்களின் வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் பெயராலும் தலைமைப் பொறியாளர்களின் பெயராலும் எழுதப்படுகிறது. காமாட்சி அம்பாள் ஆலயத்தால் ஐரோப்பியத் தமிழர்கள் நன்கறிந்த ஹாம் நகரிலிருந்து ஹனோவர் நோக்கிச் செல்லும் ரயில்கள் இன்றும் பீலெஃபெல்ட் வழியாகவே செல்கின்றன. அந்நகரில் மறைந்த பட்டறைத் தொழிலாளியின் பங்கையும் கணக்கில் கொண்டால், எந்த நிறுவனத்தின் என்ஜின் சிறந்தது என்ற கேள்விக்கு ஒரு நாட்டின் எல்லைக்குள் விடை காண்பது கடினம்.