பிசின் தேடிய பேரறிஞர்

1921-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர் புரூஸ் மெரிபீல்டு. 1949-ல் நியூயார்க் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாய் இணைத்துப் பெப்டைடு ஆக்குவது அந்நாளில் மாதக்கணக்கில் நீளும் வேலை. படிதோறும் சுத்தி செய்கையில் பொருள் வீணாகும். முதல் அமிலத்தைக் கரையாத பிசின் மணியிலே பிணைத்துவிட்டால், கழிவைக் கழுவி வடித்துவிடலாம் என 1959-ல் எண்ணினார்.

எண்ணம் எளிது; ஏற்ற பிசின் அரிது. செல்லுலோஸ் முதலியவற்றைச் சோதித்துக் கைவிட்டார். இறுதியில் வாய்த்தது, 2 சதவீத டைவினைல் பென்சீன் குறுக்கே பிணைத்த பாலிஸ்டைரீன். அது கரையாது, கரைப்பானில் ஊறி உப்பி, உள்ளே வழிவிடும்.

1963-ல் நான்கு அமிலங்கள் கொண்ட பெப்டைடு வெளிவந்தது; 1969-ல் 124 அமிலங்கள் கொண்ட ரிபோநியூக்ளியேஸ் உருவாயிற்று. 1984-ல் நோபல் பரிசு பெற்றார், 2006-ல் மறைந்தார். ஆய்வுக்கூடம் புகும் நண்பர்களே, அவர் ஒதுக்கிய பிசின்களையும் நினைவில் வையுங்கள், அவையின்றி இவ்வெற்றியில்லை!