கண்ணுக்குச் சக்கரம் பூட்டியவர்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்காக நாங்கள் சிலர் ஒரு குறும்படம் எடுக்க முனைந்தோம். நண்பர் ஒருவரின் பழைய காரின் முன்பக்கத்தில் காமிராவைக் கயிற்றாலும் ரப்பர்த் துண்டுகளாலும் இறுகக் கட்டி, வளாகச் சாலையில் ஓட்டினோம். திரையிட்டுப் பார்த்தபோது மரமும் மனிதரும் கட்டடமும் ஒன்றாகக் குலுங்கினவேயன்றி வேறொன்றும் விளங்கவில்லை. விலையுயர்ந்த தாங்கிகள் இருப்போர்க்கே ஓடும் காட்சி. நமக்கு எதற்கு என்று நண்பர்கள் சலித்துக்கொண்டனர். அந்தச் சலிப்போடுதான் நான் 1929 ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு மௌனப் படத்தைப் பார்த்தேன். அதை எடுத்தவர் ஜிகா வெர்தோவ்.

அவருடைய இயற்பெயர் தாவீது காஃப்மன். 1896 ஆம் ஆண்டு, அந்நாளில் ருஷ்யப் பேரரசிலும் இந்நாளில் போலந்திலும் அடங்கிய பியாவிஸ்டாக் நகரில், ஒரு யூதக் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தார். இளமையில் இசை பயின்றார். முதல் உலகப் போர் அக்குடும்பத்தை ஊரைவிட்டுப் பெயர்த்தது. பின்னர் பெட்ரோகிராட் நகரில் மனநரம்பியல் கழகத்தில் படித்தார். ஓசைகளைப் பதிவு செய்து அடுக்கிப் பார்க்கும் சோதனைகளில் ஈடுபட்டார். ஜிகா வெர்தோவ் என்பது அவரே சூட்டிக்கொண்ட பெயர். முன்பாதி பம்பரத்தையும் பின்பாதி சுழற்சியையும் குறிக்கும். வாழ்நாள் முழுவதும் சுழன்றவருக்கு எத்துணைப் பொருத்தமான பெயர்!

1918 இல் மாஸ்கோவில் செய்திப் படப் பிரிவில் சேர்ந்தார். அவ்வாண்டில் அவர் செய்த ஒரு சோதனை, விஞ்ஞான மாணவனாகிய என்னை மிகவும் கவர்ந்தது. உயரமான ஓரிடத்திலிருந்து தாமே குதித்து, அதை அதிவேகமாகப் படம்பிடிக்கச் செய்தார். திரையில் மெதுவாக ஓடியபோது, குதிக்குமுன் இருந்த தயக்கம், அச்சம், பின் வந்த துணிவு யாவும் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. வெறுங்கண்ணுக்குத் தப்பியது இயந்திரக் கண்ணுக்குத் தப்பவில்லை. அன்றுமுதல் சினிமாக் கண் என்பது அவருடைய வேதமாயிற்று.

1922 முதல் 1925 வரை கினோ பிராவ்தா என்னும் செய்திப் படத்தை 23 இதழ்கள் வெளியிட்டார். வேலை நடந்தது ஈரம் கசியும் ஒரு நிலவறையில். ஒட்டிய பிலிம் பிரிந்துபோகும், கத்தரிக்கோல் துருவேறும். அங்கே அவருக்குத் துணைநின்றோர் இருவர்: படம் பிடித்த தம்பி மிகயில் காஃப்மன், படத்தைத் தொகுத்த எலிசவெத்தா ஸ்விலோவா. ஸ்விலோவா பின்னர் அவருடைய வாழ்க்கைத் துணைவியும் ஆனார்.

1927 தொடக்கத்தில் மாஸ்கோ நிறுவனம் வெர்தோவை வேலையினின்று நீக்கியது. உக்ரேனியப் பட நிறுவனம் அவருக்கு இடம் கொடுத்தது. அங்கிருந்து பிறந்ததே நான் பார்த்த காமிராவுடன் ஒரு மனிதன் என்ற படம். கதை இல்லை, நடிகர் இல்லை, அரங்கம் இல்லை, இடையில் எழுத்துத் தலைப்பும் இல்லை. கியேவ், கார்க்கிவ், ஒடெஸா, மாஸ்கோ ஆகிய நகரங்கள் சேர்ந்து ஒரே நகரமாகி ஒரு நாள் வாழ்கின்றன.

அதில் ஒரு காட்சி. திறந்த காரில் முக்காலியின் மேல் காமிராவை நிறுத்தி, மிகயில் நின்றபடியே கைப்பிடியைச் சுழற்றுகிறார். பக்கத்தில் குதிரை வண்டிகள் ஓடுகின்றன. அவற்றில் பெண்மணிகள் அமர்ந்திருக்கின்றனர். எங்கள் படம் ஏன் கெட்டது என்பது அப்போது எனக்கு விளங்கிற்று. கார் வண்டிக்கு இணையான வேகத்தில் ஓடுவதால் இரண்டுக்கும் இடையே சார்பு வேகம் ஏறக்குறைய இல்லை. வண்டியில் இருப்பவர் திரையில் நிலைத்து நிற்கிறார். ஊர்தான் பின்னால் ஓடுகிறது. நம் கண் அந்த முகத்தைப் பற்றிக்கொள்வதால் சிறு குலுக்கல் உறுத்துவதில்லை. நாங்களோ பற்றிக்கொள்ள எதுவுமில்லாத வெறுஞ்சாலையை நோக்கிக் காமிராவைக் கட்டியிருந்தோம்! குறை எங்கள் பணப்பையில் மட்டும் இல்லை.

அக்காட்சி அதோடு முடியவில்லை. வண்டியில் சென்ற ஒரு பெண்மணி, கைப்பிடி சுழற்றுவதுபோலக் கையை ஆட்டி மிகயிலைக் கேலி செய்கிறார். வேறொருவராயின் அத்துண்டை வெட்டி எறிந்திருப்பார். வெர்தோவ் அதைப் போற்றி வைத்தார். சற்று நேரத்தில் ஓடும் குதிரை அப்படியே உறைந்து நிற்கிறது. ஸ்விலோவா மேசையருகே பிலிம் துண்டுகளைப் பார்த்திருக்கிறார். படம்பிடிப்பவர், பிடிக்கப்படுபவர், தொகுப்பவர் மூவரையும் மறைக்காமல் காட்டிய நேர்மை அது.

ஆயினும் அந்த நேர்மைக்கும் ஓர் எல்லை இருந்தது. 1930களின் தொடக்கத்தில் டொன்பாஸ் நிலக்கரித் தொழிலாளரை ஒலியோடு படமாக்கினார். 1934 இல் லெனினைப் போற்றும் படம் தந்தார். இவ்விரண்டுக்கும் இடையே, 1932-33 இல், அவருக்கு இடம் கொடுத்த அதே உக்ரேனில் பல இலட்சம் மக்கள் பஞ்சத்தில் மாண்டனர். எல்லாவற்றையும் காண்பேன் என்ற கண் அதை நமக்குக் காட்டவில்லை. அரசின் வண்டியில் ஏறிய கண், அரசு ஓட்டிய வழியையே கண்டது. போற்றிய அரசும் அவரைப் போற்றவில்லை. 1937 க்குப் பின் சுதந்திரமாகப் படமெடுக்கும் வாய்ப்பு சுருங்கிற்று. கடைசிப் பத்தாண்டுகள் வழக்கமான செய்திப் படங்களைத் தொகுத்தே கழிந்தன. 1954 பிப்ரவரி 12 அன்று மாஸ்கோவில் புற்றுநோயால் காலமானார். அவர் விட்டுச்சென்ற தாள்களைப் பேணிக் காத்தவர் ஸ்விலோவா. 2014 இல் பிரிட்டிஷ் திரைப்பட இதழொன்றின் வாக்கெடுப்பில் அந்த 1929 ஆம் ஆண்டுப் படமே உலகின் தலைசிறந்த ஆவணப் படமாகத் தேர்வு பெற்றது.

நண்பர்களே, இவ்வாண்டு மீண்டும் முயன்றோம். சைக்கிளில் வரும் தோழன் ஒருவனுக்கு இணையாகக் காரை மெதுவாக ஓட்டினோம். படம் தெளிவாக வந்தது. ஆனால் ஓரத்தில், விடுதிச் சமையற்கூடத்தில் பணிபுரியும் அம்மையார் ஒருவர், எங்களைக் கண்டதும் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டது அதில் பதிந்துவிட்டது. அழகான காட்சி, விட மனமில்லை. கேலி செய்த பெண்மணியை வெர்தோவ் வைத்துக்கொண்டாரே என்று ஒருவர் வாதாடினார். அவள் விளையாட்டாகத் திருப்பிப் பார்த்தாள்; இவரோ பார்க்காதே என்று சொல்கிறார் என்றேன் நான். மறுநாள் அந்த அம்மையாரிடமே சென்று கேட்டோம். வேண்டாம் தம்பி என்றார். வெட்டிவிட்டோம்.

விழாவில் அந்த இடத்தில் படம் சற்றே துள்ளும். அது காரின் குற்றமன்று என்பதை அறிந்து பொறுத்தருள்க.