நிலத்தடி நீரின் நடையை அளந்தவர்

ஆற்றின் ஓட்டத்தைக் கண்ணால் காண்கிறோம். மண்ணுக்கடியில் மணல் துகள்களின் இடைவெளியில் நகரும் நீரை யாரும் கண்டதில்லை. காண இயலாத அந்த நீருக்கும் ஒழுங்கு உண்டு என்று அளந்து காட்டியவர் ஹென்றி டார்சி. பிரான்சு நாட்டுப் பொறியாளரான இவர், 1803ஆம் ஆண்டு சூன் 10ஆம் நாள் டிஜோன் நகரில் பிறந்தார்.

இளமையும் கல்வியும்

டார்சியின் பதினான்காம் அகவையில் தந்தை மறைந்தார். தாயோ மகனின் கல்வி தடைப்படக் கூடாது என்று கடன் பெற்றுப் படிக்கவைத்தார். 1821இல் பாரிசின் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்த டார்சி, பின்னர்ப் பாலங்கள், சாலைகளுக்கான பொறியியல் பள்ளியில் பயின்றார். கற்றுத் தேர்ந்தபின் பிறந்த ஊருக்கே பொறியாளராகத் திரும்பினார்.

தாகம் தீர்த்த பணி

அந்நாளில் டிஜோன் மக்கள் தூய குடிநீருக்குத் தவித்தனர். ஊரின் நடுவே ஓடிய சூசோன் ஓடை சாக்கடையாகி இருந்தது. கிணற்று நீரும் மாசுற்றிருந்தது. நகராட்சி ஆழ்துளைக் கிணறு தோண்டிப் பார்த்தது. ஊருக்குப் போதுமான நீர் கிட்டவில்லை. டார்சி தொலைவில் இருந்த ரோசுவார் ஊற்றைத் தேர்ந்தார். அங்கிருந்து ஏறத்தாழ 12.7 கிலோமீட்டர் நீளத்திற்கு மூடிய கால்வாய் அமைத்தார். எந்திர விசையின்றி, நிலத்தின் சரிவை மட்டும் துணையாகக் கொண்டு நீர் நடந்து வந்தது. 1840ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் அது நகரின் நீர்த்தேக்கத்தை அடைந்தது. தெருக்கள்தோறும் குழாய்கள் நிறுவப்பட்டன; செல்வரும் வறியவரும் ஒரே நீரைப் பருகினர்.

இப்பணிக்குத் தமக்குச் சேரவேண்டிய பெருந்தொகையை டார்சி பெற மறுத்தார். நகரம் அளித்த தங்கப் பதக்கத்தையும், வாழ்நாள் முழுவதும் கட்டணமின்றிக் குடிநீர் பெறும் உரிமையையும் மட்டும் ஏற்றுக்கொண்டார்.

மணல் சொன்ன உண்மை

1848ஆம் ஆண்டின் அரசியல் மாற்றத்தால் அவர் டிஜோனை விட்டு நீங்க நேர்ந்தது. சிலகாலம் பூர்ஜ் நகரிலும், பின்னர்ப் பாரிசிலும் பணியாற்றினார். உடல்நலம் குன்றவே, பொறுப்புகளைக் குறைத்துக்கொண்டு ஆய்வில் ஈடுபட்டார். 1855, 1856ஆம் ஆண்டுகளில் டிஜோன் மருத்துவமனை வளாகத்தில் எளிய சோதனை ஒன்றைச் செய்தார். பொறியாளர் ரிட்டர் அவருக்கு உதவினார். நீரை வடிகட்ட எவ்வளவு மணல் வேண்டும் என்பதை அறிவதே நோக்கம்.

0.35 மீட்டர் விட்டம் கொண்ட, செங்குத்தான இரும்பு உருளையில் மணலை நிரப்பி, மேலிருந்து கீழாக நீரைச் செலுத்தினார். மருத்துவமனையில் பிறர் குழாய்களைத் திறந்து மூடும்போதெல்லாம் அழுத்தமானி அலைபாய்ந்தது. ஆயினும் அவர் பொறுமை இழக்கவில்லை. திரும்பத் திரும்ப அளந்தார். நீர்மட்ட வேறுபாடு இருமடங்கானால் வெளியேறும் நீரும் இருமடங்காகிறது. மணலின் நீளம் இருமடங்கானால் நீர் பாதியாகக் குறைகிறது. இவற்றோடு, மணலுக்கு மணல் மாறும் ஊடுருவுதிறன் ஒன்றும் உண்டு. இவ்வுறவே டார்சி விதி எனப்படுகிறது. 1856இல் டிஜோன் நகரின் குடிநீர்த் திட்டம் பற்றி அவர் வெளியிட்ட பெருநூலின் பிற்சேர்க்கையில் இது இடம்பெற்றது.

கிணறு பேசும் மொழி

1858ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள், தம் 54ஆம் அகவையில் பாரிசில் டார்சி மறைந்தார். அவர் உடல் டிஜோனில் அடக்கம் செய்யப்பட்டது. அங்குள்ள சதுக்கம் ஒன்று இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

அவர் விதைத்த விதை கிணறுகளில் முளைத்தது. 1863இல் தூபுயி என்னும் பொறியாளர், கிணற்றை நோக்கி நீர் வந்துசேரும் முறைக்கு இவ்விதியைப் பொருத்தினார். 1935இல் அமெரிக்கரான சார்லஸ் தைஸ், நேரம் செல்லச்செல்ல நீர்மட்டம் எவ்வாறு தாழும் என்பதைக் கணக்கிட்டார். இவற்றின்மேல் அமைந்ததே இன்றைய நீரிறைப்புச் சோதனை.

ஒரு கிணற்றில் சீரான அளவில் நீரை இறைப்பர். அருகிலுள்ள கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்குவதைக் குறித்த நேரங்களில் அளப்பர். இறைக்கும் கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் புனல் வடிவில் தாழும். நீரை எளிதில் விடும் மணற்படுகையில் அப்புனல் ஆழமின்றி அகன்றிருக்கும். நீர் எளிதில் நகராத இறுகிய படுகையில் குறுகிச் செங்குத்தாக இருக்கும். அதன் வடிவைக் கொண்டே, நிலத்தடியில் நீர் எவ்வளவு எளிதாக நகர்கிறது, படுகை எவ்வளவு நீரை விடுவிக்கும் என்பவற்றைக் கணிக்கின்றனர். நீரிறைப்பை நிறுத்தியபின் மட்டம் மீண்டும் உயரும் வேகமும் அளக்கப்படுகிறது.

வருவதைவிட மிகுதியாக எடுத்தால் எந்தக் கிணறும் வறளும். எவ்வளவு எடுக்கலாம் என்பதை ஊகத்தால் அன்றி அளவையால் அறியும் வழியை நமக்குத் திறந்துவிட்டவர் டார்சி. தம் ஊரின் தாகத்தைத் தீர்க்கப் புறப்பட்டவரின் உழைப்பு, உலகின் நீரைக் காக்கும் அறிவாக நிலைத்துவிட்டது.