நாடி அறிந்த மேதை இப்னு சீனா

உம்மா வீட்டு வேலைக்காகச் சவூதிக்குப் போன மாதத்திலிருந்து என் தங்கைக்குக் காலை தோறும் வயிற்றுவலி. வாப்பா ஹட்டனுக்கு இரண்டு முறை கூட்டிச்சென்று காட்டினார். நோய் ஏதும் தென்படவில்லை. பாடசாலைக்குப் போகாமலிருக்க நடிக்கிறாள் என்று நான் அவளை ஏசிவிட்டேன்.

அந்த நாட்களில்தான் பேச்சுப் போட்டிக்காக இப்னு சீனாவின் வரலாற்றைப் படித்தேன்.

980இல் புகாராவுக்கு அருகிலுள்ள அப்ஷனாவில் பிறந்த அவர், 10 வயதில் குர்ஆனை மனனம் செய்தார். 16 வயதிலேயே நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். ஆட்சியாளர் நூஹ் இப்னு மன்சூருக்குச் சிகிச்சை செய்ததால், அரச நூலகத்தின் கதவு அவருக்குத் திறந்தது. பின்னர் ஊர் ஊராக அலைந்தார், ஹமதானில் அமைச்சரானார், சிறையும் கண்டார். இத்தனைக்கும் இடையில் ‘அல்கானூன்’ என்னும் ஐந்து பாக மருத்துவ நூலை எழுதினார். 12ஆம் நூற்றாண்டில் லத்தீன் மொழிக்குச் சென்ற அந்நூல், ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பாடநூலாக இருந்தது.

மனம் உடலை ஆள்வதை அவர் ஒரு பலகையைக் கொண்டு விளக்கினார். தரையில் கிடக்கும் பலகைமேல் எளிதாக நடப்பவன், அதே பலகை பள்ளத்தின் குறுக்கே கிடந்தால் தடுமாறுவான். விழுவோம் என்ற எண்ணமே காலை நடுக்குகிறது. எங்கள் தோட்டத்து ஓடைப் பாலத்தில் நானும் அப்படி நடுங்கியிருக்கிறேன்.

காதலை மறைத்து மெலிந்தவரின் நாடியைப் பிடித்துக்கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லும் முறையையும் அல்கானூனில் எழுதினார். உரிய பெயர் வந்ததும் நாடி மாறிவிடும்.

இன்றைய விஞ்ஞானம் அதன் வழியையும் காட்டுகிறது. பயமோ ஏக்கமோ வந்தால், மூளை நரம்புகள் மூலமும் ஓமோன்கள் மூலமும் இதயத்துக்கும் குடலுக்கும் செய்தி அனுப்புகிறது. மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பு, குடலின் நிலையை மூளைக்கும் தெரிவிக்கிறது. ஆகவே ஏக்கத்தால் வந்த வலியும் உண்மையான வலியே.

1037இல் இப்னு சீனா ஹமதானில் வஃபாத்தானார். பிறரின் நோயை ஆராய்ந்த அவரை இறுதியில் வாட்டியதும் வயிற்று நோய்தான்.

அன்றிரவு தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உம்மாவைப் பற்றிப் பேசினேன். நாடி படபடத்தது. அவள் அழுதாள். நானும் அழுதேன். மறுநாளே வலி போய்விடவில்லை. ஆனால் அதை நடிப்பென்று நான் மீண்டும் சொல்லவில்லை. காலையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பாடசாலைக்கு நடந்தேன்.