அந்த ஒரு பாட்டு... அதைப் பாடியவர் இல்லை! இயன் கர்டிஸின் 23 வருட வாழ்க்கை

கறுப்பு டி-ஷர்ட். அதன் நடுவே மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கும் வெள்ளைக் கோடுகள். மால்களிலும் கல்லூரி வளாகங்களிலும் இதை நிச்சயம் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டு அலமாரியிலேயே ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். ஏதோ டிசைன் என்று நினைத்துத்தான் பலர் வாங்குகிறார்கள். உண்மையில் அது பல்சர் என்ற விண்மீனிலிருந்து வந்த ரேடியோ துடிப்புகளின் வரைபடம். 1979-ல் வெளியான 'அன்நோன் பிளஷர்ஸ்' என்ற இசை ஆல்பத்தின் அட்டைப்படம். அந்த ஆல்பத்தில் பாடியவர் இயன் கர்டிஸ். அவர் இறக்கும்போது வயது 23. அவரை உலகம் அறியவைத்த பாட்டு ஹிட்டானபோது, அதைக் கேட்க அவர் இல்லை.

வாங்க, அவர் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

அரசு வேலை, மனசெல்லாம் பாட்டு

1956 ஜூலை 15-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரை ஒட்டிய ஸ்ட்ரெட்ஃபோர்டில் பிறந்தவர் இயன். வளர்ந்தது மாக்கிள்ஸ்ஃபீல்ட் என்ற பட்டு ஆலை நகரத்தில். நன்றாகப் படிக்கிற பிள்ளை. கவிதை, நாவல் என்று கையில் எப்போதும் ஏதாவது இருக்கும். டேவிட் பவ்வி, லூ ரீட் பாட்டென்றால் உயிர். 1975-ல், 19 வயதில், காதலித்த டெபோராவைக் கல்யாணம் செய்துகொண்டார்.

அவர் பார்த்த வேலைதான் இந்தக் கதையில் முக்கியம். அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித்தரும் பொறுப்பு. வேலையில் அக்கறையானவர். உதவி கேட்டு அங்கே வந்துபோன ஒரு பெண்ணுக்கு வலிப்பு நோய் இருந்தது. ஒருநாள் அந்தப் பெண் வலிப்பு வந்து இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அது இயனை உலுக்கியது. 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' என்ற பாட்டு அப்படித்தான் பிறந்தது. அதே நோய் தன் வீட்டுக் கதவையும் தட்டப்போகிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

நாலு பேர் சேர்ந்தாங்க

1976 கோடையில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு மான்செஸ்டரில் இரண்டு முறை கச்சேரி செய்தது. அதைப் பார்த்த உள்ளூர் இளைஞர்கள் பலருக்கும், இவ்வளவுதானா, இதை நாமளும் செய்யலாமே என்று தோன்றியது. பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹுக்கும் பள்ளித் தோழர்கள். அவர்கள் கிட்டாரும் பேஸும் எடுத்தார்கள். பாட ஆள் வேண்டும் என்றபோது வந்து சேர்ந்தவர் இயன். டிரம்ஸுக்கு மாக்கிள்ஸ்ஃபீல்டைச் சேர்ந்த ஸ்டீபன் மோரிஸ். முதலில் 'வார்சா' என்று பெயர் வைத்திருந்த குழு, 1978-ல் 'ஜாய் டிவிஷன்' ஆனது.

'இண்டி' என்ற வார்த்தையை இன்று ரொம்ப சாதாரணமாகச் சொல்கிறோம் இல்லையா? 'இண்டிபென்டன்ட்' என்பதன் சுருக்கம்தான் அது. பெரிய கம்பெனிகளின் தயவு இல்லாமல், சின்ன நிறுவனங்கள் தாங்களே பதிவுசெய்து, தாங்களே விற்பது. மான்செஸ்டரில் டி.வி தொகுப்பாளராக இருந்த டோனி வில்சன், நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய 'ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ்' அப்படிப்பட்ட ஒன்று. ஒரு நண்பரின் ஃபிளாட்தான் ஆபீஸ். லாபத்தில் குழுவுக்குப் பாதி, கம்பெனிக்குப் பாதி. அங்கிருந்துதான் 'அன்நோன் பிளஷர்ஸ்' வந்தது.

ஆட்டம் என்று நினைத்தார்கள்

1978 டிசம்பர் கடைசி வாரம். லண்டனில் ஒரு சின்ன கச்சேரி முடித்துவிட்டு எல்லோரும் காரில் ஊர் திரும்புகிறார்கள். வழியில் இயனுக்கு வலிப்பு வந்துவிட்டது. அடுத்த மாதமே டாக்டர்கள் உறுதி செய்தார்கள், வலிப்பு நோய்தான் என்று.

நன்றாகத் தூங்கணும், குடிக்கக் கூடாது, அலட்டிக்கொள்ளக் கூடாது. இதுதான் இந்த நோய்க்கு வழக்கமான அறிவுரை. ஒரு ராக் பாடகனின் வாழ்க்கையோ இதற்கு நேர் எதிர். நள்ளிரவில் கச்சேரி, விடியவிடிய வேன் பயணம், கண்ணைக் கூசவைக்கும் மினுக்கும் விளக்குகள். அந்தக் காலத்து மாத்திரைகளில் சில மனநிலையையும் சேர்த்துப் பாதிக்கக்கூடியவை. இதற்கு நடுவே 1979 ஏப்ரலில் பெண் குழந்தை பிறந்தது. எங்கே குழந்தையைத் தூக்கும்போது வலிப்பு வந்துவிடுமோ என்ற பயம் அந்த அப்பாவுக்கு.

மேடையில் இயனுக்கென்று ஒரு ஆட்டம் உண்டு. கைகள் வெட்டி வெட்டி இழுக்கும், கண்கள் எங்கோ நிலைத்திருக்கும். சில இரவுகளில் அந்த ஆட்டம் நிஜமான வலிப்பாகவே மாறியது. கூட்டத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை. கைதட்டினார்கள். இதைப் படிக்கும்போதே மனசு கனக்கிறது அல்லவா?

வேகமான மெட்டு, உடைந்த மனசு

1979 இறுதியில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு முழுநேர இசைக்கு வந்துவிட்டார்கள். கச்சேரிகள் கூடின. வீட்டில் இடைவெளியும் கூடியது. பெல்ஜியம் நாட்டுப் பெண் ஒருவரோடு இயனுக்கு நெருக்கம் ஏற்பட்டிருந்தது. மனைவியை விடவும் முடியவில்லை, இந்தப் பக்கம் வரவும் முடியவில்லை. குற்ற உணர்ச்சி அரித்தது. கைக்குழந்தையோடு வீட்டில் தனியாகக் கிடந்த டெபோராவின் வலியையும் நாம் மறந்துவிடக் கூடாது.

அந்தக் காலத்தில் உருவானதுதான் 'லவ் வில் டியர் அஸ் அபார்ட்'. காதலே நம்மைப் பிரித்துவிடும் என்று சொல்கிற தலைப்பு. ஒரே வீட்டில் இருந்தும் விலகிப்போன இரண்டு பேரைப் பற்றிய பாட்டு. ஆனால், மெட்டைக் கேட்டால் துள்ளவைக்கும்! வேகமான டிரம்ஸ், மேலே மிதக்கும் கீபோர்டு. அதற்கு நடுவே இயனின் கனத்த, நிதானமான குரல். இந்த முரண்தான் பாட்டின் உயிர். தயாரிப்பாளர் மார்ட்டின் ஹேனட் லேசில் திருப்தி அடைகிற ஆள் இல்லை. 1980 ஜனவரியில் ஒருமுறை, மார்ச்சில் மறுபடி ஒருமுறை என்று பதிவு செய்தார்கள்.

கூட இருந்தவர்கள் யாரும் பாட்டின் வரிகளை அவ்வளவு உற்றுக் கேட்கவில்லை. நல்ல பாட்டு எழுதுகிறான் என்று மட்டும் நினைத்தார்கள். எல்லோருக்கும் இருபது சொச்சம் வயசு. ஏப்ரலில் இயன் ஒருமுறை உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். அதன்பிறகும் சில நாள்களில் மேடைக்கு வந்துவிட்டார். நல்லா இருக்கியா என்று கேட்டால், நல்லா இருக்கேன் என்பார். அதை நம்பினார்கள்.

மே 2-ம் தேதி பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கடைசிக் கச்சேரி. மே 19-ம் தேதி, முதல் அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்ப வேண்டும். மே 18 அதிகாலை, மாக்கிள்ஸ்ஃபீல்ட் வீட்டில் இயன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அதன் பிறகு வந்த வெற்றி

1980 ஜூனில் பாட்டு கடைகளுக்கு வந்தது. பிரிட்டன் பொதுப் பட்டியலில் 13-வது இடம். இண்டி பட்டியலில் முதலிடம். குழுவின் முதல் பெரிய ஹிட் அதுதான். ஜூலையில் வந்த 'க்ளோசர்' ஆல்பம் 6-வது இடம் பிடித்தது. மிச்சம் இருந்த மூவரும் பழைய பெயரை வைத்துக்கொள்ளவில்லை. 'நியூ ஆர்டர்' என்று புதிதாகத் தொடங்கி, 1983-ல் 'ப்ளூ மண்டே' மூலம் உலகத்தையே ஆடவைத்தார்கள். டெபோரா 1995-ல் தன் பக்கத்துக் கதையைப் புத்தகமாக எழுதினார். அதை ஒட்டி 2007-ல் 'கன்ட்ரோல்' படம் வந்தது. இயனின் நினைவுக்கல்லில் டெபோரா பொறிக்கவைத்தது, அந்தப் பாட்டின் தலைப்பைத்தான்.

சோகம்தான் அவரைப் பெரிய கலைஞர் ஆக்கியது என்று சிலர் சிலாகிப்பார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். அவரைக் கலைஞர் ஆக்கியது அவர் படித்த புத்தகங்களும், வேலையில் சந்தித்த மனிதர்கள்மீது வைத்த கரிசனமும், நாலு பேராகச் சேர்ந்து செய்த உழைப்பும். நோயும் மனச்சோர்வும் செய்தது ஒன்றே ஒன்று. இன்னும் நாற்பது வருடம் பாடியிருக்க வேண்டியவரை 23-ல் நிறுத்திவிட்டன.

உங்கள் கண்ணெதிரே யாருக்காவது வலிப்பு வந்தால் கையில் சாவியையோ இரும்பையோ திணிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். அடிபடாதபடி சுற்றியிருப்பதை நகர்த்துங்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், கூடவே இருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சிரித்தபடி சொல்லும் நண்பரிடம், இன்னொரு முறை உட்கார்ந்து கேளுங்கள். மனசு தாங்காத அளவுக்கு வலி இருந்தால் 104 அல்லது 14416 எண்ணுக்குப் பேசலாம், எந்த நேரமும்.

அடுத்த முறை அந்த வெள்ளைக் கோடுகள் போட்ட டி-ஷர்ட்டைப் பார்த்தால், இயனை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். இந்த முறை, வரிகளையும் சேர்த்து!