புதுமைப்பித்தனும் தழுவலும்

ஒரு நூலைத் திரைப்படமாக்குவோர் அந்நூலுக்கு எவ்வளவு கடமைப்பட்டவர் என்னும் வினா, மாம்புரிக் கரையில் மாலை வேளைகளிற் கூடும் எம் மாணவரிடையே அடிக்கடி எழுவதுண்டு. நூலில் உள்ளவாறே படமும் அமைதல் வேண்டும் என்று வாதிடுவோரே பலர். அவர்கட்கு யான் புதுமைப்பித்தனின் வரலாற்றையே விடையாகக் கூறி வருகின்றேன்.

சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய அவர், 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரிற் பிறந்தார். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை, தாசில்தாராக இருந்தவர். எட்டு வயதில் அன்னை பர்வதத்தம்மாளை இழந்தார். தந்தையார் மறுமணம் புரிந்தார். சிற்றன்னையின் கீழ் அவருடைய இளமை இனிது கழியவில்லை. நெல்லை இந்துக் கல்லூரியிற் பயின்று 1931இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அவ்வாண்டே கமலா அம்மையாரை மணந்தார். அதன்பின் சென்னை வாழ்வு. மணிக்கொடி, ஊழியன், தினமணி, தினசரி எனப் பத்திரிகை மாறிப் பத்திரிகையாகப் பணி. வறுமை மட்டும் மாறவில்லை.

பிறமொழிக் கதைகளின் ஊரையும் பேரையும் மாற்றித் தமிழ்க் கதைபோல உலவவிடும் வழக்கம் அந்நாளில் மலிந்திருந்தது. அதனை அவர் கடுமையாகச் சாடினார். மொழிபெயர்ப்பே நேர்வழி, தழுவல் ஆகாது என்றார். ஆயினும் அவருடைய தொடக்க காலக் கதைகளுட் சில, பிரெஞ்சு ஆசிரியர் மாப்பசானைத் தழுவியவை என்பது அவர் மறைவுக்குப்பின் வெளிப்பட்டது. அவர்மீது எமக்குள்ள அன்பு காரணமாக இதனை மூடி மறைத்தல் முறையன்று.

அவரே 1943இல் ‘சாபவிமோசனம்’ எழுதினார். அக்கதையில், சீதையை இராமன் தீப்புகச் செய்தான் என்று கேட்ட அகலிகை மீண்டுங் கல்லாகின்றாள். வான்மீகியும் கம்பனும் கூறாத முடிவு இது. எனினும் இதனைத் திருட்டு என்பார் எவருமிலர். எவர் பொருளை எடுத்தாளுகின்றார் என்பது ஊரறிந்தது. எடுத்ததைக்கொண்டு எழுப்பிய வீடோ அவருடையது. தழுவலுக்கும் மறுபடைப்புக்கும் உள்ள வேறுபாட்டை அவர் கொள்கை விளக்கியதினும் இக்கதை நன்கு விளக்குகின்றது.

பின்னர்த் திரையுலகம் அவரை அழைத்தது. ‘ஔவையார்’ படத்தின் எழுத்துப் பணியிற் பங்குகொண்டார், ‘காமவல்லி’க்கும் எழுதினார். தாயின் பெயரை நினைந்து பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ் என்றொரு நிறுவனந் தொடங்கி, குற்றாலக் குறவஞ்சியை ‘வசந்தவல்லி’ என்னும் படமாக்க முயன்றார். அம்முயற்சி நிறைவேறவில்லை, கைப்பொருள் கரைந்ததே மிச்சம். இலக்கியத்தைத் திரைக்குக் கொணரும் அருமையைத் தம் கையைச் சுட்டுக்கொண்டு கற்றவர் அவர். தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’க்கு எழுதப் பூனா நகருக்குச் சென்றார். அங்கே காசநோய் முற்றியது. திருவனந்தபுரத்தை அடைந்து, 1948ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள், நாற்பத்திரண்டாம் அகவையில் உயிர்நீத்தார். அவ்வாண்டிலேயே பின்னர் வெளிவந்த அப்படத்தை அவர் கண்டாரில்லை.

முப்பத்தோராண்டு கழிந்தபின், 1979இல், அவருடைய ‘சிற்றன்னை’ மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ ஆயிற்று. நூலிற் காண்பது பேராசிரியர் சுந்தரவடிவேலுவின் இல்லம். இரண்டாந் தாரமாக வந்த மரகதம். தாயற்ற மக்கள் குஞ்சுவும் ராஜாவும். படத்திலோ களம் ஒரு சிற்றூர். சுந்தரவடிவேலு அங்கே ஊரார் அஞ்சி வெறுக்கும் கொடியவன். மனைவி இலட்சுமி பெரும்பகுதி உயிருடன் இருந்து துயருறுகின்றாள். இறுதியில் ஊரார் அவனை ஆற்றில் இறங்கச் செய்கின்றனர். நூலிலிருந்து தாம் கைக்கொண்டது சிறிதே என்பதை மகேந்திரன் மறைத்தாரில்லை. ஆயினும் மூலக்கதை புதுமைப்பித்தனுடையது என்று படத்திற் பொறித்தார். நூலை வரிக்கு வரி பின்பற்றிய படங்கள் பல மறக்கப்பட்டன, இப்படம் நிலைத்தது. அகலிகைக்குப் புதுமைப்பித்தன் செய்ததையே சிற்றன்னைக்கு மகேந்திரன் செய்தார் என்பது எம் துணிபு. தழுவலைச் சாடிய அவர் இதனைக் கண்டிருப்பின் முதலிற் சீறியிருப்பார். சீற்றந் தணிந்தபின் கூர்ந்து நோக்கியுமிருப்பார்.

நூலைப் படித்த பின்னரே படத்தைப் பார்க்க வேண்டும் என்பது எம் வட்டத்தின் விதி. அவ்வாறு பார்த்து முடித்த மாணவி ஒருத்தி, ராஜா இருக்கின்றான், குஞ்சு எங்கே ஐயா என்று வினவினாள். படத்தில் அச்சிறுமி பவானி என்னும் பெயருடன் வருகின்றாள் என்றேன். அவளுக்கு மனம் ஒப்பவில்லை; நூலை மீண்டும் எடுத்துக்கொண்டு வீடு சென்றாள்.